நிறுத்திய துளை

நவம்பர் 4

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். வழக்கம்போல டெப்போ ஓய்வறை முகவரிக்கே இதை அனுப்புகிறேன். வீட்டுக்கு எழுதினால் அத்தைக்குச் சங்கடம். போனில் பேசினால் உங்கள் காதுக்காக ஸ்பீக்கரைப் போடுவார்கள், அப்புறம் தெருவுக்கே சங்கடம்.

இந்த வருஷத்துப் புகையிலைப் பைப்பு வேலையைத் தொடங்கிவிட்டேன். வேர்க்கட்டை போன வாரம் வந்தது. நான்கு வாங்கினேன். ஒன்றை அறுத்தபோது உள்ளே மண்ணும் விரிசலுமாக இருந்தது. வெளியே பார்க்க அதுதான் நான்கிலும் அழகு. மீதி மூன்றும் சுத்தமான கட்டை. உங்களுக்கு ஒன்று, உங்கள் தம்பிக்கு ஒன்று, டயர்க்கடை மச்சானுக்கு ஒன்று.

சின்ன மாமாவுக்குப் போன வருஷம் செய்தது மேஜையில் நிற்காமல் உருண்டு விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பள்ளிக்கூட லேபில் அத்தனை வருஷம் கண்ணாடிக் குடுவைகளைப் பார்த்துக்கொண்டவர், சொந்தப் பொருளை மட்டும் கண்ட இடத்தில் வைப்பார். அதனால் இந்தமுறை அடியைத் தட்டையாக இழைக்கிறேன், எங்கே வைத்தாலும் நிற்கும். மச்சான் லாரி புகை விடுகிற மாதிரி இழுப்பார், கிண்ணம் கையைச் சுடும். அவருக்குச் சுவரைக் கனமாக விடுகிறேன். உங்களுக்கு மாற்றம் ஒன்றும் வேண்டாம் என்று நினைக்கிறேன். வலது பக்கக் கடைவாய்ப் பல் இல்லாததால் நீங்கள் இடது பக்கம்தான் கடிப்பீர்கள். வாய்க்குழலில் அந்தப் பக்கம் பல் உட்கார ஒரு பள்ளம் இழைத்துவிடுவேன். இடது பக்கத்துப் பல் உறுதியாக இருக்கிறதா என்று மட்டும் எழுதுங்கள்.

பட்டறையில் ஒரு ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கைப்பிடி செய்துகொண்டிருக்கிறோம். பைப்பு வேலை மதிய இடைவேளையில் மட்டும். நேற்று முதலாளி வந்து பார்த்துவிட்டு, "மாமனார் வீட்டுக்கா? அந்த வீட்டுல உனக்கு இன்னும் என்னப்பா வேலை?" என்றார். சிரித்துவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டேன்.

விவாகரத்துக் கோர்ட் பேப்பர் ஆகஸ்டில் முடிந்துவிட்டது, உங்களுக்குத் தெரியும். சிட்டு எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீங்கள் பதில் எழுத வேண்டிவரும். அந்தப் பேப்பரில் அவள் பெயரும் என் பெயரும்தான் இருக்கின்றன, உங்கள் பெயர் இல்லை. அதனால் நீங்களாக வேண்டாம் என்று சொல்லும்வரை வருஷக் கடைசி விடுமுறைக்குப் பைப்பு வரும். வருஷத்தில் ஒரு மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, பின்கட்டில் மூன்று நாற்காலி போட்டு நான் செய்ததைப் பற்றவைக்கிறீர்கள் என்கிற நினைப்பு எனக்கு மறுவருஷம் வரைக்கும் தாங்கும்.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்ல வேண்டாம். அவர் பக்கமாகப் பார்த்து மனதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள்
மாப்பிள்ளை


நவம்பர் 15

அன்பான மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஓய்வறையில் சீட்டாடுகிற கண்டக்டர்கள் இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும், "பெருசுக்கு லவ் லெட்டர் வந்திருக்கு" என்கிறார்கள். நானும், "ஆமாய்யா, இந்த வயசுக்கு மேல வேற யார் எழுதுவா" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறேன்.

இங்கே எல்லாரும் நலம். உங்கள் அத்தைக்கு முட்டிவலி. சிட்டு இங்கே திரும்பி வந்தபோது கொண்டுவந்த, நீங்கள் செய்த ஸ்டூல்களில் ஒன்றில் உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறாள். கொஞ்சம்கூட ஆடவில்லை. பெரியவனுக்கு டயர்க்கடையில் நல்ல வியாபாரம், அதனால் வீட்டில் சத்தம் கூடுதல். எனக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. சிட்டுதான் அழைத்துப்போனாள். கண்ணாடிக் கடைக்காரர் பொறுமையான மனிதர், மூன்று தடவை கூப்பிட்டுச் சரி செய்து கொடுத்தார். எழுத்து இப்போது நன்றாகத் தெரிகிறது. நீங்கள் 'மாப்பிள்ளை' என்று கையெழுத்துப் போடுகிற இடத்தில் பேனாவை அழுத்துகிறீர்கள் என்பதுகூடத் தெரிகிறது.

டெப்போவில் டைம் கீப்பராக இருந்த காலத்தில் எந்தப் பஸ் எப்போது புறப்பட வேண்டும் என்று நூறு டிரைவர்களுக்குச் சத்தம்போட்டுச் சொன்னவன் நான். வீட்டுக்குள் வந்துவிட்டால் எதையும் உரிய நேரத்தில் சொல்ல வருவதில்லை.

விஷயம் இதுதான். டாக்டர் என்னைப் புகையிலையே தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். நெஞ்சுக்கு ஆகாதாம். அதனால் இந்த வருஷம் எனக்குப் பைப்பு அனுப்ப வேண்டாம். நான் பார்த்துக்கொண்டிருக்க மற்ற இரண்டு பேர் மட்டும் ஊதுவதும் நன்றாக இருக்காது. ஆகையால் அவர்களுக்கும் வேண்டாம். உங்களுக்கும் பட்டறை வேலை இருக்கிறது. சிரமப்பட வேண்டாம்.

பல் நன்றாகத்தான் இருக்கிறது.

அன்புடன்
மாமா


நவம்பர் 24

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மிஷின் பக்கத்தில் நின்று படித்தேன். மிஷினை நிறுத்திவிட்டு மறுபடி படித்தேன்.

நெஞ்சுக்கு என்றால் நெஞ்சில் என்ன? வலியா, இருமலா, மூச்சு வாங்குகிறதா? படி ஏறும்போது நிற்கிறீர்களா? எந்த டாக்டர்? படம் எடுத்தார்களா? இரண்டு வரியில் எழுதி, அடுத்த வரியில் பல் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். பல்லை யார் கேட்டது?

நான் கேட்டேன்தான். அது வேறு விஷயம்.

நான் வரட்டுமா? வீட்டுக்கு வரமாட்டேன், பயப்படாதீர்கள். டெப்போ வாசலில் நிற்கிறேன். ஆஸ்பத்திரிக்குக் கூட ஒரு ஆள் வேண்டும் அல்லவா? மச்சானுக்குக் கடை, சின்ன மாமா ஆஸ்பத்திரியில் உங்களையே எங்காவது வைத்துவிட்டு மறந்துவிடுவார். நான் முதலாளியிடம் லீவு சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டில் யாருக்குத் தெரியும்? சிட்டுவுக்குத் தெரியுமா? அவள் இதை எப்படித் தாங்குகிறாள் என்று தெரியவில்லை. உங்களுக்கு ஒரு தும்மல் வந்தாலே ஜன்னலை எல்லாம் சாத்துகிறவள்.

மற்றவர்களுக்கும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது முடியாது மாமா. சின்ன மாமாவுடையது அடி இழைத்து முடித்துவிட்டேன். மச்சானுடையது உப்புத்தாள் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்கு எந்த டாக்டரும் ஒன்றும் சொல்லவில்லையே. உங்கள் கட்டையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வரி வரியாக, தலை சீவின மாதிரி ரேகை விழுந்த கட்டை. வேறு யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. ஒரு யோசனை இருக்கிறது. செய்துபார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உடனே பதில் போடுங்கள்.

உங்கள்
மாப்பிள்ளை


டிசம்பர் 3

மாப்பிள்ளை,

வர வேண்டாம். தயவுசெய்து வர வேண்டாம். அவ்வளவு பெரிய வியாதி ஒன்றும் இல்லை. ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார், அவ்வளவுதான். நடக்கிறேன், சாப்பிடுகிறேன், சண்டை போடுகிறேன்.

வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். முக்கியமாகச் சிட்டுவுக்கு. அவளுக்குப் போன் கீன் செய்துவிடாதீர்கள். இதை எனக்காகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேற்று உங்கள் அத்தை, "அவருக்கு எழுதிட்டீங்களா?" என்றாள். நான் உங்களுக்கு எழுதுவது அவளுக்குத் தெரியும் போலிருக்கிறது, இத்தனை நாள் தெரியாத மாதிரி இருந்திருக்கிறாள். "எழுதிட்டேன்" என்றேன். "என்னன்னு எழுதினீங்க?" "வேண்டாம்னு எழுதினேன்." "ஏன் வேண்டாம்னு எழுதினீங்களா?" நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். தெருமுனை வரைக்கும் போய்விட்டு, போன வேலை ஒன்றும் இல்லாததால் திரும்பி வந்தேன்.

எழுதவேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. இந்தத் தாளில் இடம் போதவில்லை.

மாமா


டிசம்பர் 18

அன்புள்ள மாமாவுக்கு,

தாளில் பாதி காலியாகத்தான் இருந்தது. உடம்பைப் பற்றி எழுத உங்களுக்குப் பிடிக்காது என்று புரிந்துகொண்டேன். இனி கேட்கமாட்டேன். சிட்டுவுக்கும் போன் செய்யவில்லை. இரண்டு தடவை நம்பரை எடுத்தேன், நீங்கள் கேட்டுக்கொண்டதால் வைத்துவிட்டேன்.

பார்சலை இன்று வீட்டு முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். மூன்று பைப்பு இருக்கும். மூன்றாவது எதற்கு என்று கோபப்படாதீர்கள். அதை விளக்கத்தான் தனியாக இந்தக் கடிதம். பார்சலுக்குள் வைத்தால் யாராவது படித்துவிடுவார்கள்.

பைப்பில் இரண்டு துளை. மேலேயிருந்து புகையிலை போடுகிற கிண்ணத்துளை ஒன்று. கழுத்து வழியாக வருகிற மெல்லிய துளை ஒன்று. இரண்டும் கிண்ணத்தின் அடியில் சரியாகச் சந்திக்க வேண்டும். ஒரு நூல் மேலே போனால் புகையிலை அடியில் ஈரமாகத் தங்கும், கீழே போனால் கட்டை வீணாகும். இந்த வேலையில் கஷ்டமே அந்தச் சந்திப்புத்தான்.

உங்கள் பைப்பில் இரண்டையும் சந்திக்க விடவில்லை. நடுவில் ஒரு தீக்குச்சி கனத்துக்குக் கட்டையை விட்டு நிறுத்திவிட்டேன். ஊதினாலும் போகாது, இழுத்தாலும் வராது. முழுக்கட்டையாகவே விட்டிருக்கலாம். ஆனால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும், ஏன் எதற்கு என்று கேட்பார்கள். யாருக்கும் தெரியக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். இப்போது வெளியே பார்க்க அது பைப்புத்தான். மற்ற இரண்டு பேரும் பற்றவைக்கும்போது நீங்களும் வாயில் வைத்துக்கொண்டு உட்காரலாம். கையும் வாயும் வெறுமையாக இருக்காது. இடது பக்கம் பள்ளம் இழைத்திருக்கிறேன்.

புகையிலை போட்டுவிடாதீர்கள், பற்றாது; விஷயம் வெளியே வந்துவிடும்.

உங்கள்
மாப்பிள்ளை


ஜனவரி 4

அன்பான மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை இன்றுதான் படித்தேன். விடுமுறைக்கு ஓய்வறையைப் பூட்டிவிட்டார்கள். இன்று காலை திறந்ததும் சீட்டுக்கட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அதற்குள் நடக்கவேண்டியது எல்லாம் நடந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இந்தமுறை தாள் நிறைய வாங்கி வைத்திருக்கிறேன்.

முதலில் இது. எனக்கு நெஞ்சில் ஒன்றும் இல்லை. எந்த டாக்டரும் ஒன்றும் சொல்லவில்லை. விடுமுறைச் சாப்பாட்டுக்குக் கண்ணாடிக் கடைக்காரரையும் அவர் அம்மாவையும் சிட்டு அழைத்திருந்தாள். பேசி முடிப்பதற்காக. அன்றைக்கு உங்கள் பார்சல் வந்து நடுவீட்டில் உட்காரக்கூடாது என்று உங்கள் அத்தையும் பெரியவனும் சொன்னார்கள். உங்களுக்குத் தெரிவிக்கவேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. 'அவள் வேறு கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள், இனி அனுப்ப வேண்டாம்' என்று ஒரு வரி. அந்த வரியை எழுதப் பயந்துகொண்டு என் நெஞ்சைக் கெடுத்தேன்.

பார்சல் சாப்பாட்டுக்கு முந்தின நாள் வந்தது. உங்கள் அத்தை அதை அழுக்குத்துணிக் கூடையில், போர்வைக்கு அடியில் வைத்துவிட்டாள். நானும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

சாப்பாடு நன்றாகத்தான் போனது. அந்த மனிதர் குறைவாகப் பேசுகிறார், கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறார். அவர் அம்மாவுக்கு உங்கள் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தோம், வேறு உயரமான இருக்கை வசதியாக இல்லை. சாப்பிட்டு எழுந்து பின்கட்டுக்கு வந்ததும் என் தம்பி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "என்னண்ணே, இந்த வருஷம் மாப்பிள்ளை பைப்பு இன்னும் வரலையா?" என்றான். அவனிடம் யாரும் ஒன்றும் சொல்லி வைத்திருக்கவில்லை. சொன்னாலும் எங்காவது வைத்துவிட்டு மறந்திருப்பான்.

"எந்த மாப்பிள்ளை?" என்றார் கண்ணாடிக் கடைக்காரரின் அம்மா.

பெரியவன் தன் கார் சாவியைத் தேட ஆரம்பித்தான். நான் கூரையைப் பார்த்தேன். சிட்டுதான் சொன்னாள். "என்னோட பழைய வீட்டுக்காரர். வருஷா வருஷம் இவங்களுக்குப் பைப்பு செஞ்சு அனுப்புவார். இந்த வருஷமும் வந்திருக்கும். அம்மா, எங்க ஒளிச்சு வெச்சிருக்கே?"

உங்கள் அத்தை கூடையிலிருந்து எடுத்து வந்தாள். அந்த மனிதர் பைப்புகளைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நல்ல கைங்க" என்றார்.

தம்பி தன்னுடையதைத் தரையில் நிறுத்திப் பார்த்து, "நிக்குதுடா!" என்று குழந்தை மாதிரிக் கைதட்டினான். பெரியவன் வேண்டாவெறுப்பாக வாங்கி, இரண்டாவது இழுப்பிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். நானும் புகையிலை போட்டேன். உங்களுக்குச் சொன்னது எனக்கே மறந்துவிட்டது. தீக்குச்சியைக் கிழித்து இழுத்தேன். கன்னம் ஒட்டியதுதான் மிச்சம். மறுபடி இழுத்தேன். நான்கைந்து குச்சி போயிற்று. எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவன் வாங்கிப் பார்த்தான். அவனும் இழுத்தான், வரவில்லை. "பாத்தீங்களா! எங்களுக்கெல்லாம் ஒழுங்கா செஞ்சுட்டு அப்பாவுக்கு மட்டும் அடைச்சு அனுப்பிருக்கான். எல்லாம் கொழுப்பு. சிட்டு விஷயம் காதுல விழுந்திருக்கும்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. திறந்தால் கடிதம் எழுதுவது வெளியே வரும், அதற்குப் பின்னால் நான் எழுதின பொய் வரும். உங்களைத் திட்டுகிறார்கள், நான் காலடியில் கிடந்த தீக்குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"கொடு இப்படி" என்று சிட்டு வாங்கினாள். புகையிலையைத் தட்டிக் கொட்டினாள். வாய்க்குழலைக் கழற்றினாள். அந்த மனிதரின் சட்டைப் பையில் கண் பார்க்கிற சின்ன டார்ச் இருந்தது, கேட்டு வாங்கிக் கிண்ணத்துக்குள் அடித்தாள். கழுத்துத் துளை வழியாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். உங்கள் பட்டறையில் எத்தனை பைப்புக்கு அவள் இப்படி டார்ச் பிடித்தாளோ! அந்தக் கடைசியில் வெளிச்சப் புள்ளி தெரிந்தால்தான் நீங்கள் சிரிப்பீர்கள் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

"புள்ளி இல்ல" என்றாள். கொண்டை ஊசியை எடுத்து உள்ளே விட்டுத் தடவினாள். "தவறிப்போன துளைன்னா பக்கவாட்டுல போயிருக்கும். இது நேரா வந்து நின்னிருக்கு. நிறுத்தின துளை. அவர் தெரிஞ்சேதான் நிறுத்தியிருக்கார்."

"அதைத்தானே நானும் சொன்னேன்" என்றான் பெரியவன்.

"நீ சும்மா இருண்ணா. கோவத்துல ஒரு கட்டையைக் கெடுக்கிற ஆள் இல்ல அவர்." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "அப்பா, உங்களுக்கு உடம்புக்கு என்ன? டாக்டர் என்ன சொன்னார்?"

"எந்த டாக்டரும் ஒண்ணும் சொல்லலம்மா."

"அப்ப அவர்கிட்ட யார் என்ன சொன்னது?"

விருந்தாளிகள் முன்னால், வீட்டில் அத்தனை பேர் முன்னால், நான் சொன்னேன். நெஞ்சைப் பற்றி எழுதியதைச் சொன்னேன். ஏன் எழுதினேன் என்றும் சொன்னேன். தம்பியின் பைப்பு மட்டும் புகைந்துகொண்டிருந்தது.

சிட்டு வாய்க்குழலைத் திரும்ப மாட்டினாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "சண்டை போட்டா ஸ்டூல் செய்வார். ஒரு வார்த்தை பேசுங்கன்னு அழுதா அலமாரி செய்வார். இப்ப எங்கப்பாவுக்கு நெஞ்சுல கோளாறுன்னு நெனச்சிருக்கார். இவ்வளவு பெரிய விஷயம். எனக்கு ஒரு போன் பண்ணலப்பா. உக்காந்து பைப்பு செஞ்சிருக்கார்." அதைச் சொல்லும்போது அவள் குரல் உயரவில்லை. "நீங்களும் அவரும் ஒண்ணுதான். ரெண்டு பேரும் எதையும் சொல்லமாட்டீங்க. நாங்கதான் ஊசியை விட்டுப் பாத்துத் தெரிஞ்சுக்கணும்."

போன் செய்ய வேண்டாம் என்று உங்கள் வாயைக் கட்டியவன் நான். அதைச் சொல்லத்தான் எழுந்தேன். அதற்குள் அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அந்த மனிதர் பின்னாலேயே போய்த் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார். அங்கே போய் அவர் முன்னால் உங்கள் பெயரை எடுக்க எனக்குக் கால் வரவில்லை.

இன்று உங்கள் கடிதத்தில் 'இரண்டு தடவை நம்பரை எடுத்தேன்' என்று படித்தேன். அதை அவளிடம் காட்டட்டுமா? நீங்கள் சொன்னால் காட்டுகிறேன். அவர்கள் கல்யாணத்துக்கு மார்ச்சில் தேதி குறித்திருக்கிறார்கள். அதற்குள் சொல்லுங்கள். நானாக ஒன்று செய்தால் அது தப்பாகத்தான் முடிகிறது.

தலை குனிந்து
மாமா


ஜனவரி 17

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களுக்கு நெஞ்சில் ஒன்றும் இல்லை என்ற வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அது போதும். நான் கோபப்படவில்லை.

கடிதத்தைச் சிட்டுவிடம் காட்ட வேண்டாம். அவள் சொன்னது சரி. நீங்கள் தடுத்ததால் நான் போன் செய்யவில்லை என்று சொல்ல எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் போன் வேண்டாம் என்று நீங்கள் எழுதிய கடிதம் வருவதற்கு முன்னால் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. அந்த நாட்களில் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். கட்டையை இறுக்கி, துளை எங்கே நிற்க வேண்டும் என்று டிரில்லில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். நம்பரை எடுத்தது அப்புறம்தான். நீங்கள் தடுத்ததும் அப்பாடா என்று இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் போய் நிற்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பாத்திரம் வைக்க ஸ்டாண்டு செய்து கொடுத்தேன்.

பைப்பைத் திறப்பது சுலபம். வாய்க்குழலைக் கழற்றிவிட்டு, கழுத்து வழியாக மெல்லிய டிரில்லை விடவேண்டும். மிஷினில் போட வேண்டாம், கையால் திருகினால் போதும். ஒரு தீக்குச்சி கனம்தான். கட்டை விடுவது விரலுக்குத் தெரியும், அத்தோடு நிறுத்திவிட வேண்டும். எதிர்ச்சுவரில் பட்டால் கிண்ணம் ஓட்டையாகிவிடும். சிட்டுவுக்குத் தெரியும். அவளைக் கேட்க வேண்டாம் என்றால் அந்தக் கண்ணாடிக் கடைக்காரரைக் கேளுங்கள். கண்ணாடியில் துளை போடுகிற கை, கட்டையைக் கெடுக்காது.

நீங்களாக வேண்டாம் என்று சொல்லும்வரை வரும் என்று எழுதியிருந்தேன். நவம்பரிலேயே சொல்லிவிட்டீர்கள். காரணம்தான் வேறு. எனக்குத்தான் காதில் விழவில்லை.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்தமுறை வாயாலேயே சொல்லலாம்.

இப்படிக்கு
பட்டறைக்காரன்


டிசம்பர் 29

அன்பான மாப்பிள்ளைக்கு,

வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்துப் பார்த்தேன். பட்டறைக்காரருக்கு என்று ஒரு தாளில் எழுதினேன், கிழித்துவிட்டேன்.

ஜனவரிக்குப் பிறகு நான் எழுதிய மூன்று கடிதமும் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன். பட்டறைக்குப் போன் செய்து விசாரித்தேன். வேலைக்கு வருகிறார், நன்றாக இருக்கிறார், போனுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார் என்று உங்கள் முதலாளி சொன்னார். நன்றாக இருக்கிறார் என்றதும் வைத்துவிட்டேன்.

முந்தாநாள் எல்லாரும் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். சிட்டு நலம். இதை இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன். உங்கள் அத்தை ஒரு ஸ்டூலை அவளிடம், "எடுத்துட்டுப் போறியா?" என்று கேட்டாள். "இருக்கட்டும்மா, இங்கயே இருக்கட்டும்" என்றாள். அதன்மேல் உட்கார்ந்துதான் அதைச் சொன்னாள்.

என் தம்பி பழைய பைப்பையே பற்றவைத்தான். அது இன்னும் நேராக நிற்கிறது. பெரியவனுடையது கையைச் சுடுவதில்லையாம். என்னிடம் சொல்லவில்லை, தம்பியிடம் சொன்னான். என்னுடையதைச் சிட்டுவின் வீட்டுக்காரர் கையில் வாங்கி, "திறந்து குடுத்துடட்டுமா? பத்து நிமிஷ வேலைதான்" என்றார். உங்கள் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. எப்படித் திருக வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று படித்துக் காட்டியிருக்கலாம். வேண்டாம் என்றேன். அந்தச் சொல் மட்டும் எனக்குச் சுலபமாக வருகிறது.

அது அப்படியே இருக்கிறது. காலையில் வாயில் வைத்தால் மத்தியானம் வரைக்கும் இருக்கும். புகையிலை வாங்குவதே நின்றுபோய்விட்டது. டாக்டர் சொல்லாமலே கேட்டுக்கொண்டேன்.

இந்த வருஷம் பார்சல் வரவில்லை. வராது என்று தெரியும். ஆனாலும் வாசலில் மணி அடித்தபோதெல்லாம் நான்தான் போய்த் திறந்தேன். உங்கள் அத்தையும் துணிக்கூடையைக் காலி செய்து வைத்திருந்தாள்.

ஒரு தகவல். இடது பக்கக் கடைவாய்ப் பல்லும் போன மாதம் விழுந்துவிட்டது. அந்தப் பள்ளத்தில் இப்போது ஈறுதான் உட்காருகிறது. இனிமேல் நான் நடுப்பல்லில்தான் கடித்தாக வேண்டும். என் வாய்க்கு அளவு வைத்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் எழுதிவைக்கிறேன்.

மாமா